முதல் மாத்திரை நேரில், தொடரும் துணை போனில்

போதை மாத்திரை, ஊசிப் பழக்கத்துக்குத் தொலைமருத்துவம் எப்படி உதவும்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பேசுகிறோம். ஆனால் தவணை ஏன் தவறியது என்று கேட்டால் சில சகோதரிகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "வீட்ல கொஞ்சம் பிரச்சினைக்கா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பல வீடுகளில் அந்தப் பிரச்சினை மது. சில வீடுகளில் மாத்திரையும் ஊசியும். மதுவைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

பாடத்துக்காக ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். இது எந்த வீட்டையும் குறிப்பது அல்ல. பிக்கட்டிப் பக்கம் ஒரு அம்மா, தேயிலை பறிக்கப் போகிறவர். மகனுக்கு 22 வயது. கோவைக்கு வேலைக்குப் போனவன் ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிட்டான். உடம்பு வலிக்கு என்று நண்பன் கொடுத்த மாத்திரையில் தொடங்கியது. இப்போது அது இல்லாமல் விடிவதில்லை. அம்மாவின் கம்மல் போயிற்று. குழுக் கடனில் ஒரு பகுதியும் போயிற்று. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா ஊர்ல மானம் போகும், அவனுக்குப் பொண்ணு யாரு குடுப்பாங்க?" என்பது அவர் கவலை.

இந்த அம்மாவுக்கு நாம் என்ன சொல்லலாம்? படிப்படியாகப் பார்ப்போம்.

இது என்ன நோய்?

கசகசாச் செடியின் காயில் வடியும் பாலிலிருந்து கிடைப்பது அபின். அபினிலிருந்து வந்தவையும், அதே மாதிரி வேலை செய்யும்படி தொழிற்சாலையில் தயாரிப்பவையும் ஓபியாய்டு எனப்படும். ஹெராயின், 'பிரவுன் சுகர்', மார்ஃபின், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், டேபென்டடால் போன்ற கடும் வலி மாத்திரைகள் எல்லாம் இந்த வகை. கஞ்சாவும் மதுவும் இந்த வகையில் சேராது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமாலும் சேராது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளவாகத் தரும் மார்ஃபினைக் கண்டும் பயப்பட வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல், அளவில்லாமல் எடுப்பதுதான் ஆபத்து. டிரமடால் மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 100 பேரில் சுமார் 2 பேர், அதாவது 2 கோடிக்கும் அதிகமானோர், ஓபியாய்டு வகையை உபயோகித்திருந்தார்கள். அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 77 லட்சம் பேர். அந்த அம்மா மட்டும் தனி ஆள் இல்லை என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறோம்.

தொடர்ந்து எடுக்க எடுக்க உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிடும். முதலில் ஒரு மாத்திரையில் கிடைத்தது பிறகு நாலு மாத்திரை போட்டாலும் கிடைக்காது. நிறுத்தினால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, எலும்பை முறிப்பது போன்ற வலி, தூக்கமின்மை எல்லாம் வரும். "திமிர் எடுத்து அலையறான்" என்று நாம் திட்டுகிறோம். உண்மையில் பாதி நாள் அவன் சுகத்துக்காகப் போடுவதில்லை. இந்த வேதனை வராமல் இருக்கத்தான் போடுகிறான்.

பத்து நாள் அறையில் பூட்டி வைத்தால் போதாதா?

பலர் செய்வது இதுதான். இங்கேதான் கவனம் வேண்டும், சகோதரிகளே. வேதனை இரண்டு மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் குறைந்துவிடும். பையன் நன்றாகச் சாப்பிடுவான், சிரிப்பான். "சரியாயிட்டான்" என்று நாமும் நம்பிவிடுவோம். ஆனால் மூளைக்குள் ஆசை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு சண்டையோ, பழைய நண்பனோ, கையில் கொஞ்சம் காசோ போதும். திரும்பவும் தொட்டுவிடுவான்.

அப்போது அவன் போடுவது பழைய அளவு. உடம்போ பழைய பழக்கத்தை இழந்திருக்கும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். விட்ட பிறகு மறுபடி தொட்டவர்கள் இறந்துபோவது இதனால்தான். அதனால் பூட்டி வைத்து நிறுத்தியதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிறுத்துவது பத்து நாள் வேலை. நிறுத்தியபடியே இருப்பது வருடக் கணக்கான வேலை. அந்த வருடங்களுக்குத்தான் துணை வேண்டும்.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. முக்கியமானது புப்ரினார்ஃபின் என்ற மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். இதுவும் ஓபியாய்டு குடும்பம்தான், ஆனால் மெதுவாக வேலை செய்யும். வேதனையையும் ஆசையையும் அடக்கும், போதையில் தள்ளாட வைக்காது. பையன் வேலைக்குப் போக முடியும். மெத்தடோன் என்ற மருந்தும் உண்டு. இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்களிடம் சாவு பெருமளவு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையாக்கா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். சர்க்கரை நோய்க்காரர் தினமும் மாத்திரை போடுவதை நாம் அப்படிச் சொல்வதில்லையே! இதுவும் அதுபோலத்தான். எவ்வளவு நாள் போட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். நாமாக நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது.

மலைக்கும் மருத்துவருக்கும் நடுவே

மருந்து இருந்தும் மக்கள் சிகிச்சையை ஏன் பாதியில் விடுகிறார்கள்? நமக்குத் தெரியாதா என்ன? ஊட்டிக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு வேறு. மழைக் காலத்தில் மண் சரிந்தால் பஸ்ஸே இல்லை. கெத்தை வழியாகக் கோவைக்குப் போகலாம் என்றால் பாதையில் யானை. முதல் தடவை அம்மா கூடவே போவார். நாலாவது தடவை யார் போவது?

இந்தத் தடை நமக்கு மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் போதை நோய்ச் சிகிச்சைக்கு முன்னோடியான சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். கிராமத்து மக்கள் சென்னைக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெற முடியாது என்பதைப் பார்த்து, அந்த நிறுவனம் இப்போதைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் போட்டு மது நோய்க்குச் சிகிச்சை தந்தது. நோயாளி மருத்துவரிடம் போக முடியாவிட்டால் மருத்துவம் நோயாளியிடம் போக வேண்டும் என்பது அதன் பாடம். அன்று வேனில் போனார்கள். இன்று அதில் பெரும் பகுதியைப் போன் செய்யும். இதற்குத்தான் தொலைமருத்துவம் என்று பெயர்.

இது பலன் தருமா? கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், தூரம் அதிகமான பகுதிகளில், ஓபியாய்டு நோயாளிகளை மருத்துவர்கள் ஒளித்திரை வழியாகப் பார்த்தார்கள். 3,700-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2017-ல் வெளியானது. நேரில் மட்டும் மருத்துவரைப் பார்த்தவர்களில் 100-க்கு 39 பேர்தான் ஒரு வருடம் சிகிச்சையில் நின்றார்கள். ஒளித்திரை வழியாகப் பார்த்தவர்களில் 100-க்கு 50 பேர் நின்றார்கள்.  ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கேயும் மாத்திரை போனில் வருவதில்லை. உள்ளூரில் நேரில் வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

நம் நாட்டில் 2020 கொரோனா ஊரடங்கு இந்தக் கதவைத் திறந்தது. சண்டிகரில் உள்ள மத்திய அரசின் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவு நோயாளிகளை முதலில் போனில் பேசி, தேவைப்பட்டால் வீடியோவில் பார்த்து, கட்டாயம் தேவை என்றவர்களை மட்டும் நேரில் வரச் சொன்னது. போன் படி, வீடியோ படி, நேர்ப் படி என்ற இந்த மூன்று படியை நாமும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

போனில் எது முடியும், எது முடியாது?

2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் போன், வீடியோ வழியாக நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம் என்று அது சொல்கிறது. ஆனால் போதைப்பொருள் சட்டத்தில் அடங்கிய மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. புப்ரினார்ஃபினும் மெத்தடோனும் அதில் அடங்கும். அமெரிக்காவில் 2020 முதல் புப்ரினார்ஃபினைப் போனிலேயே எழுத அனுமதித்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை.

போனில் முடிந்தவை:
• இது என்ன பழக்கம், எவ்வளவு கடுமை என்று முதலில் பேசித் தெரிந்துகொள்வது.
• எந்த மருத்துவமனைக்கு, எப்போது போக வேண்டும் என்று கேட்பது.
• பையனுக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஆலோசனை.
• மருந்து தொடங்கிய பிறகு தூக்கம், ஆசை, பக்கவிளைவு எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து பார்ப்பது.
• மறுபடி தொட்டுவிட்டால் அன்றைக்கே சொல்லி யோசனை கேட்பது.

நேரில் மட்டுமே முடிந்தவை:
• முதல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை. ஊசி போட்டவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனை அவசியம்.
• புப்ரினார்ஃபின் தொடங்குவதும் வாங்குவதும். இது சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது. அனுமதி பெற்ற மையத்தில்தான் தருவார்கள்.
• மயக்கம், வலிப்பு, கர்ப்பம், தற்கொலை எண்ணம் போன்ற அவசர நிலைகள்.

முதல் மாத்திரையை நேரில் தொடங்குவதற்கு உடம்பு சார்ந்த காரணமும் உண்டு. முன்பு போட்ட போதை உடம்பில் இருக்கும்போதே புப்ரினார்ஃபினைக் கொடுத்தால் வேதனை திடீரென்று பல மடங்காகிவிடும். கொஞ்சம் வேதனை தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். அதனால் யாராவது "போன்லயே மாத்திரை அனுப்பறோம், பணத்தைப் போடுங்க" என்றால் நம்பாதீர்கள்.

நம் பகுதியில் எங்கே தொடங்குவது?

முதல் எண் 14416. இது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதற்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் இதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை என்று அரசு நடத்துகிறது. காசு கிடையாது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவை என்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

இரண்டாவது எண் 14446. இது சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண். இதுவும் இலவசம்.

நேரில் போக வேண்டிய இடம் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 700 படுக்கைகளுடன் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மனநலப் பிரிவில் கேளுங்கள். எந்த மருந்து எந்த மையத்தில் கிடைக்கும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே 14416-ல் கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் நம் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருவார் என்பதையும் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவமும் உண்டு. செல்போனிலோ, சுகாதார நிலையத்திலிருந்தோ மருத்துவரைப் பார்க்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர்களில் பலர் நம் சுய உதவிக் குழுச் சகோதரிகளே. அவர்கள் கொண்டு வருவது பிரஷர், சர்க்கரை மாத்திரை. இந்த நோய்க்கு மாத்திரை தர மாட்டார்கள். ஆனால் வழி சொல்வார்கள்.

போன் செய்யும் முன்பு ஒரு தாளில் நாலு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன மாத்திரை (அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள்), எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது. கூடவே மதுவும் உண்டா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு நிற்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

வீடியோவுக்கு டவர் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், ஆலோசனைக்குச் சாதாரணப் போன் போதும். எந்த மேட்டில் சிக்னல் வரும் என்பது நமக்குத்தான் தெரியும். ஆனால் கடை வாசலிலோ பஸ் நிறுத்தத்திலோ நின்று பேச வேண்டாம். பையன் தானே பேசினால் நல்லது. அவன் மறுத்தால் அம்மா மட்டும் முதலில் பேசலாம்.

போலீஸ் பயம், மானப் பயம்

உதவி எண்ணில் சொல்வது ரகசியமாக இருக்கும். சிகிச்சை கேட்பது போலீஸில் புகார் கொடுப்பது ஆகாது. சிறிய அளவு வைத்திருந்ததற்காக, உபயோகித்ததற்காக வழக்கில் சிக்கியவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ, அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போகலாம். விற்பவருக்கு இது பொருந்தாது.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோயாகவே கொள்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அடித்து, கட்டி வைத்துத் 'திருத்துகிற' இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். உரிமம் இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து: இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்

எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, குறட்டை போல இழுக்கிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது, கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் உள்ளதைத் துடைத்து எடுங்கள். மூச்சே நின்றுவிட்டால் 108-ல் பேசுபவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். புரை ஏறி மூச்சு அடைத்துவிடும். "தூங்கித் தெளியட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். இதை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவர் அதை நேரத்தோடு கொடுக்க முடியும். அந்த நேரத்தில் மானம் பார்க்காதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

நம் அம்மாவிடம் திரும்பி வருவோம். ஊக்குநர் அவரிடம் தனியாகப் போய், "அக்கா, தவணையைப் பத்திக் கேக்க வரல. தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டால் அதுவே முதல் மருந்து. அடுத்ததாக, குழு இவற்றைச் செய்யலாம்:

1. 14416, 14446, 108 எண்களைக் கூட்டம் நடக்கும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டலாம்.
2. சொந்தப் போன் இல்லாத சகோதரிக்கு, தனியாகப் பேச ஒரு போனும் ஒரு அறையும் கொடுக்கலாம்.
3. முதல் தடவை ஊட்டிக்குப் போக ஒருவர் துணைக்குப் போகலாம். பஸ் செலவுக்குச் சுழல்நிதியிலிருந்து சிறு கடன் தரலாமா என்று கூடிப் பேசி முடிவு செய்யலாம்.
4. மருந்து வாங்கும் தேதியையும் மருத்துவர் பேசும் தேதியையும் நாள்காட்டியில் குறித்து, முதல் நாளே நினைவுபடுத்தலாம்.
5. வாங்கி வந்த மாத்திரையைப் பூட்டி வைத்து அம்மாவோ மனைவியோ கையால் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் கையில் பட்டால் ஆபத்து.
6. கேட்டதைக் குழுவுக்கு வெளியே பேசக் கூடாது. பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வேண்டாம்.

பையன் நடுவில் ஒரு தடவை தவறினால் "எல்லாம் வீண்" என்று கைவிடாதீர்கள். இந்த நோயில் தவறுவது உண்டு. தவறிய அன்றே போன் செய்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ஒளித்து வைத்தால்தான் இழப்போம்.

கொழுந்து பறிக்கிற நமக்குப் பொறுமை புதிதல்ல. கவாத்து வெட்டிய செடி மொட்டையாக நிற்கும்போது பட்டுப்போச்சு என்று யாரும் பிடுங்கி எறிவதில்லை. உரம் போட்டுக் காத்திருக்கிறோம். நம் பிள்ளைக்கும் அந்தப் பொறுமையைக் கொடுப்போம்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. பத்து நாள் நிறுத்திய பிறகு பழைய அளவைப் போட்டால் ஏன் உயிருக்கு ஆபத்து?
2. போனில் கிடைக்கும் உதவி மூன்று சொல்லுங்கள். நேரில் மட்டுமே கிடைப்பது எது, ஏன்?
3. நம் ஊரில் யாரும் கேட்காத இடத்தில், சிக்னலோடு, ஒரு சகோதரி அரை மணி நேரம் பேச எந்த வீடு தோது?
4. இன்று கூட்டம் முடிவதற்குள் எல்லோர் போனிலும் 14416-ஐப் பதிந்துவிட்டோமா?